முருகேசனுக்கு: சுத்திகரிப்பு ஆலைத் திறன் படிவம் பற்றி

மேர்பேங்க், டர்பன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். தைப்பூசக் காவடிக்கு ஏற்பாடு தொடங்கிவிட்டது; பேத்தி இந்த வருஷம் பால்குடம் எடுக்கிறாள்.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிடம் வருஷா வருஷம் திறன் கணக்கு வாங்க ஒரு படிவம் தயாரிக்கிறோம், எதையெல்லாம் கேட்கலாம் என்று எழுதியிருந்தாய். நீ போட்டிருக்கும் கேள்விகள் சரிதான். ஆனால் எண்ணைக் கேட்பதற்கு முன்னால், அது எந்த நாளுக்கான எண், எந்த யூனிட்டின் எண், அந்த யூனிட் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைப் படிவமே வரையறுத்துச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் "உங்கள் திறன் எவ்வளவு?" என்று கேட்டால், ஒருவர் டிசைன் எண்ணை எழுதுவார், இன்னொருவர் போன வருஷம் ஓட்டிய எண்ணை எழுதுவார். இரண்டையும் கூட்டி வரும் தொகையை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் 820ஆம் எண் படிவத்தை முன்மாதிரியாக வைத்துக்கொள். ஜனவரி 1 அன்று இருந்த நிலை என்ன என்று அது கேட்கிறது. பிப்ரவரி 15க்குள் திருப்ப வேண்டும், ஜூன் மாதவாக்கில் வெளியிடுகிறார்கள். 2025 ஜனவரி 1 கணக்கில் 132 ஆலைகள், நாளொன்றுக்குச் சுமார் 1 கோடியே 84 லட்சம் பேரல். இந்த எண்ணுக்கு மதிப்பு வருவது அதன் பின்னால் இருக்கும் வரையறைகளால்தான்.

முதல் வரையறை, நாள். ஸ்ட்ரீம் டே என்றால் யூனிட் தடையில்லாமல், நல்ல கச்சா எண்ணெயோடு, 24 மணி நேரம் முழு மூச்சில் ஓடினால் எவ்வளவு தள்ளும் என்பது. கேலண்டர் டே என்றால் பராமரிப்பு நிறுத்தம், திடீர் நிறுத்தம், கீழே இருக்கும் (வடித்ததை அடுத்துப் பதப்படுத்தும்) யூனிட்டுகளின் நெருக்கடி, கச்சாவின் தரம், சுற்றுச்சூழல் கட்டுப்பாடு எல்லாவற்றையும் கழித்து, வழக்கமான நிலையில் ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது. கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஸ்ட்ரீம் டே 1,00,000 பேரல் உள்ள ஒரு வடிப்பு யூனிட், அதாவது கச்சாவைச் சூடாக்கிப் பிரிக்கும் முதல் யூனிட். நாலு வருஷத்துக்கு ஒரு முறை 32 நாள் ஷட்டவுன் என்றால் வருஷத்துக்கு 8 நாள். திடீர் நிறுத்தங்கள் ஒரு 9 நாள். மிச்சம் 348 நாள். அப்போதே 95,300 ஆகிவிட்டது. இனி கச்சாவில் 32 விழுக்காடு டீசல் வருகிறது, டீசலிலிருந்து கந்தகம் நீக்கும் ஹைட்ரோட்ரீட்டர் 28,000 பேரல்தான் தாங்கும் என்று வைத்துக்கொள். கந்தகம் நீக்காத டீசலை விற்க வழியில்லை என்றால் மேலே வடிப்பு யூனிட்டை 87,500க்கு மேல் ஓட்டிப் பயனில்லை. அதையும் 348 நாளுக்குக் குறைத்தால் 83,400. ஒரே யூனிட், அதே இரும்பு. ஒரு எண் ஒரு லட்சம், இன்னொன்று 83,400. வடிப்பு யூனிட்டுக்கு இரண்டு எண்ணையும் கேள். வேக்குவம், கேட் கிராக்கர், கோக்கர், ரிஃபார்மர், ஹைட்ரோட்ரீட்டர் என்று வடித்ததை மேலும் பிரித்து, உடைத்து, தரம் உயர்த்தும் கீழ் யூனிட்டுகளுக்கு ஸ்ட்ரீம் டே மட்டும் போதும். அந்த எண்களை வடிப்புத் திறனோடு யாரும் கூட்டிவிடாதபடி குறிப்பு போடு. அதே எண்ணெய்தான் கீழே கீழே போகிறது. கூட்டினால் ஒரே பேரலை மூன்று தரம் எண்ணியதாகும்.

இதில் இன்னொன்று. மேலே சொன்ன ஆலை ஒரு மாதம் நிற்காமல் சராசரி 85,000 ஓட்டினால், அதைக் கேலண்டர் டே திறனால் வகுத்தால் அந்த மாதப் பயன்பாடு 101.9 விழுக்காடு என்று வரும். உன் அலுவலகத்துப் பிள்ளைகள் தப்பு என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாது. கேலண்டர் டே எண்ணில் நிறுத்த நாட்கள் ஏற்கனவே கழிந்திருப்பதால் நல்ல மாதத்தில் நூறைத் தாண்டுவது இயல்பு. வருஷம் முழுவதும் நூறைத் தாண்டி நின்றால்தான் திறனைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வகுக்கும்போது மேலே வைக்க வேண்டியது வடிப்பு யூனிட்டுக்குள் போன மொத்த உள்ளீடு. கச்சா மட்டுமல்ல, கண்டென்சேட்டும் (எரிவாயுவோடு வரும் இலகு எண்ணெய்) மறுபடி வடிக்கப்போன அரைப்பக்குவ எண்ணெயும் சேர்த்து.

அடுத்தது ஓடுகிறதா நிற்கிறதா என்பது. இந்த ஊர்க்காரர்களுக்கு இது வெறும் வரையறை இல்லை. அமெரிக்க விதி தெளிவானது: நிற்கும் யூனிட்டை 30 நாளுக்குள் ஓட்ட முடியும் என்றாலோ, பழுதுவேலை நடந்துகொண்டிருந்து 90 நாளுக்குள் முடியும் என்றாலோ அது சும்மா நிற்கும் திறன், இயக்கத்தக்க கணக்கில் சேரும். இல்லையென்றால் சேராது. தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட பட்டியல் இது: எங்களூர் சாப்ரெஃப் 1,80,000; எங்களூர் எங்கென் 1,20,000; கேப் டவுன் 1,00,000; நாட்ரெஃப் 1,08,000; செகுண்டா 1,50,000; மோசல் பே 45,000. மொத்தம் நாளொன்றுக்கு 7,03,000 பேரல். எங்கென் ஆலையில் 2020 டிசம்பர் 4 அன்று தீ, அதோடு சுத்திகரிப்பு நின்றது, சேமிப்பு முனையமாக மாற்றும் முடிவு வந்தது. மோசல் பே அதே வருஷம் எரிவாயு தீர்ந்து நின்றது. சாப்ரெஃப் 2022 மார்ச் கடைசியில் நிறுத்தினார்கள், அடுத்த மாதமே வெள்ளம் உள்ளே புகுந்தது. 30 நாள், 90 நாள் கோலை எடுத்து அளந்தால் மூன்றும் பூஜ்யம். நிறுத்தியவர்கள் "இடைநிறுத்தம்" என்று அறிவித்தார்களா "மூடல்" என்று அறிவித்தார்களா என்பதைப் படிவம் பார்க்கவே கூடாது. எப்போது ஓடும், அதற்கு இப்போது வேலை நடக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி.

அந்தப் பட்டியலிலேயே இன்னொரு கோளாறும் உண்டு. செகுண்டா நிலக்கரியிலிருந்து எண்ணெய் செய்கிறது, மோசல் பே எரிவாயுவிலிருந்து செய்தது. இரண்டிலும் கச்சா எண்ணெய் வடிப்பு கிடையாது. கச்சாவுக்குச் சமமாக ஒரு எண் போட்டிருக்கிறார்கள். கச்சா வடிப்பு மட்டும் எடுத்தால் பழைய தொகை 5,08,000, மேலே சொன்ன கோலின்படி இப்போது நாட்ரெஃபும் கேப் டவுனும் சேர்ந்து 2,08,000. நாட்டுக்கு எவ்வளவு பெட்ரோல் டீசல் கப்பலில் வர வேண்டும் என்று திட்டமிடுபவன் 7,03,000ஐப் பார்ப்பதற்கும் 2,08,000ஐப் பார்ப்பதற்கும் எத்தனை வித்தியாசம் என்று யோசித்துப் பார். உன் படிவத்தில் இப்படிக் கச்சா வடிக்காத ஆலைகளுக்குத் தனிப் பக்கம் வை.

அலகு விஷயம் உனக்கே தெரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். இந்தியாவில் வருஷத்துக்கு இத்தனை டன் என்கிறீர்கள். சென்னை மணலி ஆலை 1 கோடியே 5 லட்சம் டன். இதைப் பேரலாக்க எல்லோரும் 7.33 என்று ஒரு பெருக்கலை வைத்திருக்கிறார்கள். ஒரு பேரல் 158.987 லிட்டர்; கச்சாவின் அடர்த்தி 0.88 என்றால் டன்னுக்கு 7.15 பேரல்தான், 0.82 என்றால் 7.67. மணலிக்கு இந்த இரண்டையும் போட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு 2,05,600 என்றும் 2,20,700 என்றும் வருகிறது. இரும்பு மாறாமல் சுமார் 15,000 பேரல் வித்தியாசம். ஆகவே டன் எண்ணோடு எந்த அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும். கந்தகம் நாளுக்கு டன்னில், ஹைட்ரஜன் கன அளவில் என்று அலகை முன்கூட்டியே அச்சிட்டுவிடு. எழுதுபவர் கையில் விடாதே.

சேமிப்பைக் கேட்டால் டேங்கின் முழுக் கொள்ளளவு வேறு, பயன்படும் கொள்ளளவு வேறு. 18 மீட்டர் டேங்கில் அடியில் பம்ப் இழுக்காத 1.2 மீட்டரும் மேலே பாதுகாப்புக்கு விடும் 1.3 மீட்டரும் போனால் 86 விழுக்காடுதான் மிச்சம். கச்சா எப்படி வந்தது என்று கேட்டாலும் ஒரு வரி விளக்கம் வேண்டும்: நாட்ரெஃபுக்கு எண்ணெய் எங்கள் கடலில் மிதவைக்குக் கப்பலில் வந்து, பிறகு குழாயில் உள்நாட்டுக்குப் போகிறது. கப்பல் என்று எழுதுவதா, குழாய் என்று எழுதுவதா?

வந்த படிவத்தைச் சரிபார்க்க எனக்கு மிகவும் பிடித்தது கந்தகம்தான். 1,00,000 பேரல், அடர்த்தி 0.86 என்றால் நாளுக்குச் சுமார் 13,670 டன் கச்சா. அதில் 2 விழுக்காடு கந்தகம் என்றால் 273 டன் உள்ளே வருகிறது. கந்தக மீட்பு யூனிட் 20 டன் என்று எழுதியிருந்தால், மிச்சம் 250 டன் எங்கே போகிறது? ஃபர்னஸ் ஆயில், தார், கோக் இவற்றில் ஒரு பங்கு போகும். அதையும் கழித்துப் பார். கணக்கு இடித்தால் ஒன்று கச்சாவின் தரத்தைத் தவறாக எழுதியிருக்கிறார்கள், அல்லது யூனிட் எண் தவறு, அல்லது புகைபோக்கி வழியாகப் போகிறது. ஆலைகளை ஒட்டிய மேர்பேங்கிலும் வென்ட்வொர்த்திலும் குடியிருப்பவர்களுக்கு மூன்றாவதன் அர்த்தம் நன்றாகத் தெரியும்.

அதனால்தான் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். ஆலைவாரியான திறனை வெளியிடும் விதியைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடு. அமெரிக்காவில் ஒவ்வொரு ஆலையின் எண்ணும் பெயரோடு வெளிவருகிறது. இங்கே நிறவெறி ஆட்சிக் காலத்தில், எண்ணெய்த் தடையைச் சொல்லி, எண்ணெய் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு இருக்கிறது என்று அச்சிடுவதையே சட்டம் தடுத்தது. வேலிக்கு அடுத்த வீட்டில் இருப்பவருக்கு உள்ளே என்ன யூனிட், எத்தனை பேரல் என்று தெரியாது. அந்த நிலை எந்த ஊருக்கும் வேண்டாம். எரிபொருள் செலவு, விலை போன்ற வியாபார விவரங்களை மொத்தமாக மட்டும் வெளியிடலாம், அதில் தப்பில்லை.

வருஷத்தை விடாமல் வாங்கு. அமெரிக்கர்களே நடுவில் விட்டதால் 1996, 1998 இரண்டுக்கும் ஜனவரி 1 கணக்கு அவர்கள் பட்டியலில் இல்லை. அந்த இடைவெளியில் எந்த யூனிட் எப்போது நின்றது என்று பிறகு தேடுவது பெரிய பாடு. போன வருஷ எண்ணைப் படிவத்திலேயே அச்சிட்டு அனுப்பினால், மாறியிருந்தால் காரணம் எழுதுவார்கள். ஆலை கைமாறிய வருஷத்தில் விற்றவர், வாங்கியவர் இருவரும் எழுதி அனுப்பிவிடுவார்கள், அதைக் கவனி.

வரைவு தயாரானதும் அப்படியே அனுப்பு. முழு நாட்டுக்கும் அனுப்புவதற்கு முன் பெரிய ஆலை ஒன்று, சிறிய ஆலை ஒன்று, இரண்டிடமும் கொடுத்து நிரப்பச் சொல். எந்தக் கட்டத்தில் போன் செய்து சந்தேகம் கேட்கிறார்களோ அந்தக் கட்டத்தின் விளக்கத்தைத் திருத்தி எழுது. கந்தகப் பக்கத்தையும் அடர்த்திக் கட்டத்தையும் நான் பார்த்துத் தருகிறேன். தங்கச்சியை மருந்து விடாமல் போட்டுக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
கோவிந்தசாமி