பெயர் சொல்லாமல் ஒரு நன்றி

கிறிஸ்துவில் அன்பான பாதர், சிஸ்டர், அண்ணன்மார், அக்காமார், எங்கள் கொழும்புத் தோட்டத்துக் குடியிருப்பின் அயலவர் அனைவருக்கும்,

இந்த மாதத்தோடு எங்கள் கடன் முடிந்துவிட்டது. என் கணவரும் இப்போது ஊன்றுகோலுடன் சந்திக் கடை வரை நடந்து போய்ப் பாண் வாங்கி வருகிறார். இந்த இரண்டையும் உங்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். வீடு வீடாக வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் செய்ததை நாலு பேர் அறிய வேண்டும் என்று மனம் சொல்கிறது. பெயர் போடவே கூடாது என்று உங்களில் பலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். சரி, பெயர் போடவில்லை. வாசிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும்.

எங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கக் கூடும் என்பதால் நடந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன். என் கணவர் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, புறக்கோட்டைப் பக்கம் ஆட்டோ ஓட்டியவர். வண்டி லீசிங்கில் எடுத்தது. 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது வரிசையிலேயே படுத்துக் கிடந்தார். பிறகு, கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்கும் முறை வந்தது. தொடக்கத்தில் ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான். அதை வைத்து எத்தனை ஹயர் ஓட முடியும்? 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியதும் அந்த வருடம் ஏப்ரலில்தான். அதே மாதம் 12ஆம் திகதி, பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்தது. நாடு கைவிரித்தால் பேசித் தீர்க்க ஆட்கள் வருவார்கள். எங்களைப் போன்ற குடும்பம் கைவிரித்தால் வண்டியைத் தூக்கத்தான் ஆள் வரும். அந்தப் பயத்தில் லீசிங் தவணையைக் கட்ட, நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்குப் பணம் எடுத்தோம். வட்டி குட்டி போட்டது. கடைசியில் வண்டியும் போனது, வட்டியும் நின்றபாடில்லை. 2024 தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சும் குழறியது.

பணமில்லாததை விட அந்த நாட்களில் என்னை அதிகம் தின்றது வெட்கம். பொழுது பட்டால் பணம் கேட்டுக் கதவைத் தட்டுவார்கள். லைட்டை அணைத்துவிட்டு, சின்னவளின் வாயைப் பொத்திக்கொண்டு, தட்டுகிறவர் போகும் வரை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்போம். எங்கள் தோட்டத்தில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி இருக்கும். ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். ஞாயிறு பூசைக்குப் போனாலும் ஆட்களின் முகத்தைப் பார்க்க முடியாமல், பிறகு போவதையே விட்டுவிட்டேன்.

அந்தத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஆஸ்பத்திரியில் பார்க்கும் நேரம் முடிந்து வந்தவள், வீட்டுக்குப் போகப் பயந்து கோயிலுக்குள் நுழைந்தேன். சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். ‘எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி’ என்று எல்லோரும் சொல்லும்போது என் வாயும் பழக்கத்தில் அசைந்தது; மனம் அதில் இல்லை. பத்தாம் நிலை வந்தது. இயேசுவின் ஆடைகளைக் களைகிறார்கள். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட நிலை அது. ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. ஊரே பார்த்திருக்க அவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறைக்க ஒரு துணி இல்லை, ஒளிய ஓர் இடமில்லை. அவமானத்தைப் பொருட்படுத்தாமல் சிலுவையைத் தாங்கினார் என்று எபிரேயர் திருமுகத்தில் வரும். என் வெட்கம் இவருக்குத் தெரியும், தன் உடம்பாலேயே தெரியும் என்று நினைத்த அந்த நொடியில் நான் சத்தமாக அழுதுவிட்டேன்.

கொச்சிக்கடை அக்கா, அப்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் நீங்கள். உங்களை அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. உங்கள் செபமாலையை என் கையில் வைத்து, ‘சொல்ல வராவிட்டால் சொல்லாதே, சும்மா பிடித்துக்கொண்டிரு’ என்றீர்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறு காலையில், அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது உங்கள் தங்கையைப் பறிகொடுத்தீர்கள் என்று பிறகுதான் அறிந்தேன். அதன் பின் நீண்ட காலம் உங்களுக்கும் செபமே வரவில்லையாம். ஜூன் 12ஆம் திகதி கோயிலை மீண்டும் திறந்தபோது உள்ளே போக முடியாமல் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினீர்களாம். இதையெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லும் தொனியில் நீங்கள் சொல்லவே இல்லை. என் வீட்டுக் கறியை அரிந்துகொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். அப்படிச் சொன்னபடியால்தான் என்னால் நம்ப முடிந்தது. இழந்தது உங்களுக்குத் திரும்பி வரவில்லை. ஆனாலும் நீங்கள் ஆண்டவரை விடவில்லை, அவரும் உங்களை விடவில்லை. துன்பம் தீர்ந்த பிறகு சாட்சி சொல்கிறவர்கள் பலர் உண்டு. தீராத துன்பத்தோடு விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் எனக்கு அப்போது தேவைப்பட்டார்.

அன்றைக்கு அந்த வாங்கில் வைத்துத்தான் கடன் தொகையை உங்களிடம் வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை என் கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூட முழுத் தொகை தெரியாது. சொன்ன பிறகு கடனில் ஒரு ரூபாவும் குறையவில்லை. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு கை எடுபட்டது. விடுதலை என்று கோயிலில் கேட்டிருந்ததெல்லாம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

அடுத்து, வின்சன்ட் டி போல் சபை அண்ணன்மாரே, உங்கள் இருவருக்கும். சபை வழக்கப்படி இரண்டு பேராகத்தான் வந்தீர்கள். 1833இல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தன் நண்பர்களோடு தொடங்கிய நாளிலிருந்து, ஏழைகளின் வீட்டுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் இந்தச் சபையின் வழி என்று எனக்குப் பிறகு சொன்னீர்கள். எனக்கு நினைவிருப்பது வேறு. நீங்கள் கதவைத் தட்டியதும் நாங்கள் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். மூத்த அண்ணன் தட்டுவதை நிறுத்திவிட்டு, வெளியில் நின்றபடியே, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில், ‘தங்கச்சி, கோயிலில் இருந்து வந்திருக்கிறோம், பிறகு வரவா?’ என்றார். திறந்தேன். அரிசியும் பருப்பும் கொண்டுவந்த பையைக் கையில் தூக்கிக் காட்டாமல் கதவோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். எங்கள் விஷயம் உங்கள் வாயிலிருந்து ஒருவருக்கும் போகவில்லை. இன்று நானே வெளியில் சொல்கிறேன், அது வேறு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, கடனுக்குக் கட்டியதையெல்லாம் மகனின் பழைய சீஆர் கொப்பி ஒன்றில் எழுதி வைப்பேன். இளைய அண்ணன், ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்தக் கொப்பியை வாங்கி மேசையில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு பக்கமாகக் கூட்டினார். வட்டியாக நாங்கள் கட்டியதே வாங்கிய முதலைத் தாண்டியிருந்தது. மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்றார். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் அந்தச் சபைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பொலிஸ், நீதிமன்றம் என்றால்தான் தெரியும், அதற்கும் பயம். அங்கே சட்டத்தரணி பேச முடியாது, செலவும் பெரிதாக இல்லை, அவரவர் தங்கள் நியாயத்தைத் தாங்களே சொல்ல வேண்டும் என்று விளக்கி, விண்ணப்பத்தையும் எழுதித் தந்தார்.

விடுமுறை நாள் ஒன்றில், ஒரு பாடசாலை வகுப்பறையில், பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் உட்கார்ந்து பேசினோம். வட்டிக்குப் பணம் தந்தவரும் வந்திருந்தார். கை நடுங்க நடுங்கக் கொப்பியைக் கொடுத்தேன். சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்யும் மூன்று மத்தியஸ்தர்களும் அவசரப்படாமல் பார்த்தார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டபோது, இனி வட்டி ஓடாது, மீதி முதலைத் தவணையில் கட்டுவது என்று இரு பக்கமும் ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்தோம். அந்த மூவருக்கும் இங்கே நன்றி. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரியாமல், இன்றைக்கும் விளக்கை அணைத்துவிட்டு இருக்கும் குடும்பங்கள் கொழும்பில் நிறைய உண்டு. தயவுசெய்து உங்கள் ஊர் மத்தியஸ்த சபை எங்கே கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பணம் கொடுத்ததை எழுதி வையுங்கள், ஒரு நாளும் விடாமல் எழுதி வையுங்கள்.

பாதர், உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குச் சரியான வார்த்தை வருவதில்லை. ‘செபம் செய், எல்லாம் சரியாகும்’ என்று சொல்லி என்னை அனுப்பியிருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. 2024 டிசம்பர் 24ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் யூபிலி ஆண்டைத் திறந்து வைத்த பிறகு, அயல் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசித்தீர்கள். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும், அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், கைவிட்டுப் போன நிலம் உரியவனிடம் வர வேண்டும். அதே சொல்லை இயேசு நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் சுருளிலிருந்து எடுத்து வாசித்தார் என்று லூக்காவின் 4ஆம் அதிகாரத்தையும் காட்டினீர்கள். கடன்பட்டவர்களைக் கடவுள் அருவருப்பதில்லை. அவர்களுக்காகவே சட்டம் எழுதி வைத்திருக்கிறார் என்றீர்கள். அன்றிரவு என் கணவரிடம் இதைச் சொன்னேன். கட்டிலில் கிடந்தவர், குழறலோடு, ‘எழும்பி உட்கார வை’ என்றார். தனக்காகக் கேட்டு உட்கார்ந்தது அன்றுதான்.

யூபிலி ஆண்டைத் திறந்த அந்தத் திருத்தந்தை 2025 ஏப்ரல் 21ஆம் திகதி ஆண்டவரிடம் போனார். கொச்சிக்கடை மக்களுக்கு அது ஏற்கெனவே கனத்த நாள். அன்றைக்கு நானும் அக்காவும் ஒன்றாகப் போய் மெழுகுதிரி ஏற்றினோம்.

தேசிய வைத்தியசாலையில் என் கணவரைப் பார்த்த மருத்துவர்கள், தாதிமார், முக்கியமாக பிசியோ சிகிச்சை தந்த அந்தத் தங்கச்சி: ஒரு சதம் வாங்காமல் ஒரு மனிதனை மறுபடி நிற்க வைத்தீர்கள். கோப்பையைப் பிடிக்க, பட்டன் போட, கரண்டியைத் தூக்கப் பழக்கினீர்கள். நீங்கள் எந்தச் சமயமோ தெரியாது. எங்கள் இரவுச் செபத்தில் உங்களுக்கும் இடம் உண்டு.

எதிர்வீட்டு அக்கே, நீங்கள் விகாரைக்கும் போவீர்கள், செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடமும் போவீர்கள். நான் ஆஸ்பத்திரியில் நின்ற இரவுகளில் என் பிள்ளைகள் உங்கள் வீட்டில் உங்கள் பிள்ளைகளோடு பாயில் படுத்தார்கள். கடை நாநா, 2024 மார்ச்சில் எங்கள் தவக்காலமும் உங்கள் நோன்பும் சேர்ந்து வந்தன. நோன்புக் கஞ்சி பள்ளிவாசலிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு வாளி எங்களுக்கும் வந்தது. கடையில் வாங்கிய சாமானுக்குக் கணக்கு எழுதினீர்கள், ஆனால் ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது அதையும் கட்டிவிட்டேன். வாங்க மாட்டேன் என்று நின்றீர்கள், வாங்கியதற்கு நன்றி. மனம் நிறைந்து சொல்கிறேன், நான் நிமிர்ந்து கடைக்கு வர அது உதவியது.

சிஸ்டர், பிள்ளைகளுக்கு டியூசன் சொல்லித் தந்தது மட்டுமல்ல, பெரியவன் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது அவனோடு பேசி உட்கார வைத்தவர் நீங்கள். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறான்.

எங்களுக்கு எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லவில்லை. அவருடைய வலது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆட்டோ இல்லை. சட்டை தைத்து வரும் பணத்தில்தான் வீடு ஓடுகிறது. மாதக் கடைசியில் இழுபறிதான். ஆனால் யாராவது தட்டினால் போய்த் திறக்கிறேன். ஞாயிறு பூசையில் முன் வாங்கில் உட்காருகிறேன்.

வின்சன்ட் டி போல் அண்ணன்மார் எனக்குப் பாவிக்கத் தந்த தையல் மெஷினைத் திருப்பித் தரும் நேரம் வந்துவிட்டது. எனக்குச் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டேன். பழைய மெஷினுக்குப் புது பெல்ட் போட்டு, எண்ணெய் விட்டு, பாபின் பெட்டியோடு கட்டி வைத்திருக்கிறேன். மோதரைப் பக்கத்தில் ஒரு தங்கச்சிக்குத் தேவைப்படுகிறது என்று அக்கா சொன்னார். தையல் பழக்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், வருகிற செவ்வாய்க்கிழமை நவநாள் முடிந்ததும் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும். இடம் சின்னது, வாசலிலும் கதிரை போடுவோம். நாநா, இறைச்சி நீங்கள் சொன்ன கடையில்தான் வாங்குகிறேன், யோசிக்காமல் வாருங்கள். அக்கே, உங்களுக்கு மரக்கறி தனியாக.

ஆண்டவரில் என்றும் நன்றியுடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் சகோதரி