எழுத்துருவிலிருந்து தொடங்குங்கள்: பழைய பாணி சாகச விளையாட்டு செய்கிற பிள்ளைகளுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மல்லாவியிலோ இருந்துகொண்டு, பழைய மடிக்கணினி ஒன்றில் கட்டம் கட்டமான படங்களோடு சாகச விளையாட்டு செய்துகொண்டிருக்கிறவர்களுக்கும், செய்ய நினைத்திருக்கிறவர்களுக்கும் இந்த மடல். எழுதுவது அவற்றை விளையாடுகிற ஆட்கள். அறைக்கு அறை போய், கண்டதையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போட்டு, ஆட்களோடு கதைத்து, புதிர் அவிழ்க்கிற அந்த வகைதான் எங்கள் பேச்சு. 1987இல் வந்த ‘மேனியாக் மேன்ஷன்’ தொடக்கம் 2024இல் வந்த ‘த கிரிம்சன் டயமண்ட்’ வரை அந்த வகையின் நல்லதும் கெட்டதும் தெரியும். தமிழில் அதைச் செய்யும்போது எங்கே உடைகிறது என்பதையும் பார்த்திருக்கிறோம்.

முதலாவது, எழுத்து. சாகச விளையாட்டில் பார்ப்பதைவிட வாசிப்பதுதான் கூட. அப்படியிருக்க எல்லாரும் 320×200 என்று திரையை முடிவுசெய்துவிட்டு, பிறகு அதற்குள் தமிழை அடக்கப் பார்க்கிறார்கள். அந்த அளவு ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை. ஓர் எழுத்துக்கு 8×8 பிக்சல் கட்டம். வரிக்கு 40 எழுத்து, திரைக்கு 25 வரி. தமிழுக்கு மேலே புள்ளி வேண்டும், கீழே உகர ஊகார வால் வேண்டும். உடம்புக்கு 8 பிக்சல், புள்ளிக்கும் இடைவெளிக்கும் 3, வாலுக்கு 3 என்று வைத்தாலே உயரம் 14. ‘ண’வின் சுழிகள் பிரிந்து தெரிய அகலம் 11 அல்லது 12 வேண்டும். மூன்று வரி உரையாடல் போட்டால் திரையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

அதைக் குறுக்கி 8 பிக்சலுக்குள் அமுக்கினால் என்ன நடக்கும்? ‘ர’வும் துணைக்காலும் ஒன்றாகும். ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றாகும். இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. ‘கொடியில் தேடு’ என்று கிழவி சொன்னால் உடுப்புக் காயப்போடுகிற கயிற்றைப் பார்க்க வேண்டும். ‘கோடியில் தேடு’ என்றால் வீட்டுக்குப் பின்பக்கம் போக வேண்டும். கொம்பின் சுழி ஒரு பிக்சலில் மறைந்தால் புதிரே மாறிவிடும்.

நாங்கள் சொல்கிற வழி இது. திரையை 640×360 என்று வையுங்கள். படங்களை 320×180 இல் வரைந்து இரண்டு மடங்காக்கி அதில் போடுங்கள். எழுத்தை மட்டும் 640 இன் நுண்மையில் 16 அல்லது 18 பிக்சல் உயரத்தில் வையுங்கள். இங்கே பெரும்பாலான பழைய மடிக்கணினிகளின் திரை 1366×768. அதில் 640×360 சரியாக இரண்டு மடங்காகி 1280×720 ஆக நிற்கும்; பக்கத்துக்கு 43 பிக்சலும் மேலும் கீழும் 24 பிக்சலும் கறுப்பாக இருக்கும். 1920×1080 இல் சரியாக மூன்று மடங்கு. அந்தக் கறுப்புப் பட்டியைப் பார்த்து வெட்கப்பட்டு, திரையை நிரப்ப இழுத்துவிடாதீர்கள். முழு எண் மடங்கு இல்லையென்றால் ஒரு பிக்சல் நாலாகவும் பக்கத்துப் பிக்சல் ஐந்தாகவும் விரியும். ஆள் நடக்கும்போது முகம் நெளியும், இரண்டு நிறம் கலந்து போட்ட புள்ளிநிழல் வரி வரியாக மின்னும். படமும் எழுத்தும் வேறு வேறு பிக்சல் அளவில் இருப்பது பழைய பாணிக்குத் துரோகம் என்று சில தீவிர ரசிகர் குறைசொல்லுவார்கள். சொல்லட்டும். வாசிக்க முடியாத தூய்மையை வைத்து என்ன செய்வது?

அடுத்தது, எந்த மென்பொருளில் செய்கிறீர்கள் என்பது. கொடோவின் 4ஆம் பதிப்பு, 2023இல் வந்தது, தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டும். மூன்றாம் பதிப்பு காட்டாது. ‘கெ’ என்று எழுதினால் கொம்பு பின்னால் போய் நிற்கும். புதிய திட்டம் தொடங்கும்போதே, திரையில் படம் வரைகிற முறையாக ‘கம்பாட்டிபிலிட்டி’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். மற்ற முறைகள் வல்கன் போன்ற புதிய கிராபிக்ஸ் வசதியைக் கேட்கும். பழைய உள்ளகக் கிராபிக்ஸ் பல அதைத் தராது, விளையாட்டு திறக்காமலே மூடிக்கொள்ளலாம். யூனிட்டி என்ற மென்பொருளில் எழுத்தைக் காட்டுகிற டெக்ஸ்ட்மெஷ் புரோவிலும் கொம்புச் சிக்கல் உண்டு.

அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோ இந்த வகைக்கென்றே பிறந்தது. ‘ஜெமினி ரூ’ (2011), ‘அன்அவவ்ட்’ (2018) எல்லாம் அதில் செய்தவை. அதில் தமிழுக்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது: யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துரு. கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே தட்டுகிற முறை என்பதால் கொம்பு முதலில், எழுத்துப் பிறகு. மென்பொருள் எதையும் சேர்க்கத் தேவையில்லை. பாமினி ஒழுங்கில் ஒரு பிக்சல் எழுத்துருவை நீங்களே வரையலாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தது 18, உகர ஊகாரம் 36, டி டீ இரண்டு, துணைக்கால் ஒன்று, கொம்புகள் மூன்று, இகர ஈகார விசிறிகள் இரண்டு: மொத்தம் 93 வடிவம். அதற்கு மேல் கிரந்தமும் எண்களும் குறிகளும். புள்ளியைத் தனி வடிவமாக வைத்து மேலே ஏற்றப் பார்க்காதீர்கள்; பிக்சல் எழுத்துருவில் அது பக்கத்தில் போய் உட்காரும். அதனால்தான் புள்ளி வைத்த 18ஐயும் தனியாக வரையச் சொல்கிறோம். பாமினியில் அரைப்புள்ளி விசையில் இருக்கிற புள்ளியை விட்டுவிட்டு, அந்த 18க்கும் எழுத்துருவில் வெற்று இடங்களை ஒதுக்குங்கள்.

ஒரு பொறி உண்டு. பாமினியில் ‘ஜ’ இருப்பது இடது சதுர அடைப்புக்குறியின் ([) இடத்தில். அந்த மென்பொருளுக்கோ அதே குறி ‘புதிய வரி’ என்ற கட்டளை. ‘ராஜா’ என்று எழுதினால் முதல் வரியில் ‘ரா’, அடுத்த வரியில் வெறும் துணைக்கால். குறிக்கு முன்னால் பின்சாய்கோடு ஒன்று போட்டால் சரியாகும். மூலக் கதையை எப்போதும் யூனிகோடில் வைத்திருங்கள். கடைசியில் மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எழுத்துப்பிழை தேடுவதே சீவியமாகிவிடும்.

எழுத்து ஒவ்வொன்றாக வருகிற தட்டச்சு விளைவையும் கொஞ்சம் யோசியுங்கள். யூனிகோடில் ‘கோ’ இரண்டு குறி, ‘ம்’ இரண்டு குறி. குறி குறியாக விட்டால் முதலில் ‘ம’ வந்து பிறகு புள்ளி குதிக்கும். ‘க’ வந்து திடீரென்று இரண்டு பக்கமும் முளைக்கும். சொல் சொல்லாக விடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. அதோடு, வசனம் தானாக மறைகிற நேரத்தைக் குறிகளை எண்ணித் தீர்மானிக்காமல், சொடுக்கும்வரை நிற்கிற தெரிவு ஒன்றைத் தாருங்கள்.

இனி வினைச்சொற்கள், அதாவது திற, எடு, தள்ளு என்று ஆட்டக்காரர் திரையில் சொடுக்குகிற கட்டளைகள். ‘மேனியாக் மேன்ஷன்’ காலத்தில் 15 வினை இருந்தது, 2017இல் வந்த ‘திம்பிள்வீட் பார்க்’ 9 வினையோடு நின்றது. கீழே வருகிற வாக்கிய வரி ஆங்கிலத்தில் வினையில் தொடங்கும். அதை அப்படியே பெயர்த்து ‘பயன்படுத்து திறப்பு உடன் கதவு’ என்று திரையில் போட்டால், அது தமிழ் இல்லை, உடைந்த பொம்மை. ஆட்டக்காரர் வினையை முதலில் சொடுக்கட்டும். வாக்கியத்தை நீங்கள் பின்னாலிருந்து கட்டுங்கள். வினையைச் சொடுக்கியதும் ‘… திற’ என்று வலப்பக்கம் காட்டுங்கள். பொருளைத் தொட்டதும் ‘கதவைத் திற’ ஆகட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டாம் வேற்றுமை வடிவத்தைக் கையால் எழுதி வையுங்கள்: மரம் என்றால் மரத்தை, கயிறு என்றால் கயிற்றை, வீடு என்றால் வீட்டை. விதி எழுதி மென்பொருளைக் கொண்டு செய்விக்க முயன்றால் ‘கயிறை’, ‘மரம்ஐ’ என்று வரும். 50 பொருள் என்றால் 50 சொல், ஒரு பின்னேர வேலை. ஒற்று மட்டும் விதியால் வரட்டும்: ஐக்குப் பிறகு வினை க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் அதே மெய்யைச் சேர்த்தால் போதும். கயிற்றைப் பிடி, பெட்டியைத் தள்ளு, கல்லை எடு.

தட்டச்சுச் செய்து கட்டளை கொடுக்கிற பாணி, ‘த கிரிம்சன் டயமண்ட்’ மாதிரி, தமிழில் வேண்டாம் என்றே சொல்வோம். ஒருவர் பாமினி, ஒருவர் தமிழ்99, ஒருவர் ஆங்கில எழுத்தில் தட்டுவார். ஒருவர் ‘கதவைத் திற’ என்பார், ஒருவர் ‘கதவைத்திற’ என்று ஒட்டுவார், ஒருவர் ‘கதவு திற’ என்பார். எல்லாவற்றையும் ஏற்கிற அட்டவணை செய்ய உங்களுக்குப் பொறுமை இருந்தால் தலைவணங்குகிறோம்.

பொருள்களின் பெயர். திறப்பு, அலவாங்கு, அலுமாரி, வாங்கு, குசினி என்று எங்கள் சொல்லிலேயே வையுங்கள், மாற்றவேண்டாம். ஆனால் புதிரின் விடை சொல்லிலேயே தங்கியிருக்கக் கூடாது. 1991இல் வந்த ‘மங்கி ஐலண்ட்’ இரண்டாம் பாகத்தில் குரங்கு ஒன்றைக் குறடாகப் பாவித்துத் தண்ணீர்ப் பம்பைத் திருக வேண்டும். ஆங்கிலத்தில் ஒருவகைக் குறட்டுக்கு ‘குரங்குக் குறடு’ என்று பெயர். அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லாத நாட்டுக்காரர் பலர் அந்த இடத்தில் முட்டி நின்றார்கள். சென்னையில் இருக்கிற ஆட்டக்காரருக்கு அலவாங்கு அப்படித்தான். அவருக்கு அது கடப்பாரை. திறப்பு என்றால் திறப்பு விழா என்று நினைப்பார். சுட்டியை மேலே வைத்தால் படம் பெரிதாகத் தெரியட்டும். ‘பார்’ என்றால் ‘பாறை கிளப்புகிற இரும்புக் கம்பி’ என்று ஒரு வரி வரட்டும். அவ்வளவு போதும்.

முட்டுச்சந்து வைக்காதீர்கள். 1990இல் வந்த ‘கிங்ஸ் குவெஸ்ட்’ ஐந்தாம் பாகத்தில், பூனை துரத்துகிற எலியை அந்தக் கணத்திலேயே காப்பாற்றாவிட்டால், வெகு நேரம் கழித்து நிலவறையில் கட்டிப்போடப்படும்போது கயிற்றைக் கடிக்க எலி வராது. பழைய சேமிப்பு இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ‘மேனியாக் மேன்ஷன்’ செய்தவர்களில் ஒருவரான ரோன் கில்பர்ட் 1989இலேயே இந்த மாதிரிக் கொடுமைகளைக் கண்டித்துக் கட்டுரை எழுதிவிட்டார். இன்னும் சிலர் அதைப் ‘பழைய சுவை’ என்கிறார்கள். சோதிக்கிற முறை சுலபம். திரும்பி வரமுடியாத ஒவ்வொரு இடத்தையும் தாளில் எழுதி, அதற்கு அப்பால் தேவைப்படுகிற பொருள்களைப் பக்கத்தில் எழுதுங்கள். அதில் ஒன்று குறைந்தாலும் படகு புறப்படக்கூடாது. ‘ஏதோ மறந்த மாதிரி இருக்கு’ என்று பாத்திரம் சொன்னால் கோபம்கூட வராது.

சேமிப்பு. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்; பழைய மடிக்கணினியின் பற்றரியோ பேருக்குத்தான் இருக்கும். அறை மாறும்போதெல்லாம் தானாகச் சேமியுங்கள். ஆனால் பழைய கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை, வெறும் சுழியன் பைட் கோப்புத்தான் மிஞ்சும். தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றி, முந்தைய இரண்டு சேமிப்புகளையும் வைத்திருங்கள். நிறுவி எதுவும் வேண்டாம். ஒரு சிப் கோப்பு, விரித்தால் விளையாட்டு. டியூசன் நிலையக் கணினியில் நிறுவுகிற அனுமதி கிடைக்காது.

கைபேசிக்கும் கொடுக்கிறீர்களா? ஆறரை அங்குலத் திரையைக் கிடையாகப் பிடித்தால் படத்தின் 180 பிக்சல் உயரமும் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். விரல் நுனிக்கு 7 மில்லிமீற்றராவது வேண்டும். அது உங்கள் படத்தில் 18 பிக்சல் அளவு. நிலத்தில் கிடக்கிற மூன்று பிக்சல் ஊசியைத் தேடவைப்பது புதிர் இல்லை, கண் பரிசோதனை. ஊசியைச் சின்னதாகவே வரையுங்கள், தொடுபரப்பைப் பெரிதாக்குங்கள். அழுத்திப் பிடித்தால் தொடக்கூடிய இடமெல்லாம் மின்னுகிற வசதி ஒன்றும் இருக்கட்டும்.

இசை பற்றிச் சுருக்கமாக: ஆட்டக்காரர் ஒரே அறையில் 20 நிமிடம் முட்டிக்கொண்டு நிற்பார். உங்கள் துண்டு 30 விநாடி என்றால் அதை 40 தரம் கேட்பார். நிறுத்துகிற பொத்தானைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். நிறம் பற்றி ஒன்று: பழைய 16 நிறத் தட்டில் இருக்கிற அந்தக் கபிலம் செம்மண்ணுக்கு அப்படியே பொருந்தும்; வேறு நிறம் தேடி அலையாதீர்கள்.

கதைக்களத்தை வன்னியிலேயே வைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாகச விளையாட்டில் எந்தப் பலகையைக் கண்டாலும் சொடுக்கிப் பார், எந்த வேலியைக் கண்டாலும் தாண்டிப் பார் என்பதுதான் பழக்கம். ஆகவே மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையைப் புதிராக்காதீர்கள், அதைத் தாண்டினால் சிரிப்பு மூட்டுகிற சாவு ஒன்று வருகிற மாதிரியும் வைக்காதீர்கள். விளையாடுகிறவர்களில் பத்து வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்தப் பலகை உண்மையாகவே நிற்கலாம். குளக்கட்டு, துலா, பனங்காணி, வற்றாப்பளைக் கோயிலில் உப்புத் தண்ணியில் எரிவதாகச் சொல்கிற விளக்கு என்று புதிருக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது.

கடைசியாக, சோதித்துப் பார்ப்பது. முழு விளையாட்டும் முடியும்வரை காத்திருக்காதீர்கள். முதல் மூன்று அறையை முடித்ததும் பென் டிரைவில் போட்டு ஐந்து பேரிடம் கொடுங்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள், வாய் திறக்காதீர்கள். ‘அதை எடு தம்பி’ என்று ஒரு சொல் வந்தாலே அந்தச் சோதனை பழுது. விளையாட்டு ஒரு குறிப்புக் கோப்பை எழுதிக்கொண்டிருக்கட்டும்: நேரம், அறை, எந்தப் பொருளை எதோடு முயன்றார், ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற பதில் எத்தனை தரம் வந்தது. ஒரே தவறான சேர்க்கையை மூன்று பேர் முயன்றிருந்தால் பிழை அவர்களிடம் இல்லை. அந்தச் சேர்க்கைக்குத் தனிப் பதில் ஒன்று எழுதுங்கள், அல்லது அதையும் ஒரு விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஐந்து பேரில் ஒருவருக்காவது இந்த வகை விளையாட்டே தெரியாமல் இருப்பது நல்லது. மற்ற நாலு பேராகவும் நாங்கள் வருகிறோம், பென் டிரைவும் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து சில ஆட்டக்காரர்