மேற்கு வாசலில் சிவப்பு மேப்பிள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரத் தோட்டப் பகுதியில், வீட்டு வளவில் அழகுக்கு நடும் சிறு மரமான யப்பானிய மேப்பிளுக்கு ‘அரை நிழல் போதும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எந்த நேரத்து நிழல் என்பதல்லவா கேள்வி?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெருவில் மேற்குப் பார்த்த வீடுகளே அதிகம். முன்வளவில் நிற்கும் யப்பானிய மேப்பிள்களுக்கு ஆடி முடியுமுன்னே இலைநுனி கருகிவிடுகிறது. தண்ணீர் போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றுகிறார்கள். காரணம் பின்னேர வெயில். யாழ்ப்பாணத்தில் ஆறரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அந்த வெயிலை நாங்கள் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. ரொறன்ரோவில் ஆனி மாதம் சூரியன் மறைய இரவு 9 மணியாகிறது. அதுவும் வடமேற்கில். மத்தியானம் தொடங்கி எதிர்வீட்டுக் கூரை மறைக்கும்வரை மேற்கு வாசலில் விடாத வெயில். போதாததற்கு, செங்கல் சுவரும் கார் நிறுத்தும் தார்த்தரையும் அந்தச் சூட்டை வாங்கி மரத்தின் மேலேயே எறிகின்றன. காட்டில் பெரிய மரங்களின் கீழ் வளர்ந்த இனம் இது. வேரும் ஆழமாக ஓடாது.

வீட்டின் கிழக்குப் பக்கம்தான் தோது. காலை வெயில் நாலைந்து மணி நேரம் கிடைக்கும். பிறகு வீடே நிழல் கொடுக்கும். பின்வளவில் நட்டால் யார் பார்ப்பது என்பது என் மருமகனின் கட்சி. கருகிய மரத்தை மட்டும் யார் பார்க்கப்போகிறார்கள்?

அதற்காக வடக்கு மூலையில் ஒளித்துவைப்பதும் சரியல்ல. ‘பிளட்குட்’ போன்ற செவ்விலை வகைகள் வெயில் குறைந்தால் நிறம் மங்கிப் பச்சை கலந்துபோகும். காசு கொடுத்தது அந்தச் சிவப்புக்குத்தானே. இலையோரம் வெள்ளை ஓடும் ‘பட்டர்ஃபிளை’ போன்றவைதான் கூடுதல் நிழல் கேட்பவை.

தெருவோரம் முழு வெயிலில் கருஞ்சிவப்பாக ஓங்கி நிற்கும் ‘கிரிம்சன் கிங்’கைப் பார்த்தும் பலர் ஏமாறுகிறார்கள். அது வேறு இனம், நோர்வே மேப்பிள். அந்த வெயிலை அது தாங்கும், யப்பானிய மேப்பிள் தாங்காது.

மாரியிலும் கவனம் வேண்டும். பகல் வெயிலில் சூடேறிய பட்டை இரவில் உறையும்போது தென்மேற்குப் பக்கத்தில் வெடிக்கலாம். ஏற்கெனவே மேற்கில் நட்டவர்கள் கோடையில் பிடுங்கி மாற்றவேண்டாம். மரப்பட்டைத் தூளை அடியில் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டாமல் விட்டு, அடுத்த வசந்தத்தில் மொட்டு விரியுமுன் இடம் மாற்றலாம்.

மரக்கன்று நேசரிகளில் விற்பனை தொடங்குமுன், சித்திரையிலேயே இந்தத் திசைக் கணக்கை ஒருமுறை பிரசுரியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஸ்காபரோ