லேசாக அலசினாலே போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் அமெரிக்கத் தேர்தல் கட்டுரையில், பிரைமரி (கட்சிக்குள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு) காலத்தில் வாயால் கெட்டவர்கள் வரிசையில் ஒபாமாவையும் சேர்த்திருக்கிறீர்கள். அவர் எங்கே கெட்டார்? 2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நிதி திரட்டும் கூட்டமொன்றில், வேலை போன சிற்றூர்க்காரர்கள் மனம் கசந்து துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்றார். பேச்சின் ஒலிப்பதிவு வெளியே வந்துவிட்டது. பென்சில்வேனியா மாநிலப் பிரைமரியில், சொந்தக் கட்சிப் போட்டியாளர் ஹிலாரியிடம் சுமார் ஒன்பது சதவீதத்தில் தோற்றார். அதோடு சரி. அவருடைய ஜனநாயகக் கட்சியில், வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகளை வாக்கு விகிதப்படி பங்கிடுவதால், அவருடைய முன்னிலை பெரிதாகக் கரையவில்லை.

உண்மையில் கெட்டவர் ஜார்ஜ் ரோம்னி. 2012இல் ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ரோம்னியின் அப்பா. மிச்சிகன் கவர்னர், நொடித்துக்கிடந்த கார் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர், 1968 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியில் நிக்சனுக்குச் சமமாகப் பேசப்பட்டவர். வியட்நாம் போரை முதலில் ஆதரித்தார், பிறகு மாறினார். ஏன் இந்த மாற்றம் என்று 1967 ஆகஸ்ட் கடைசியில் டெட்ராய்ட் தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டார்கள். 1965இல் வியட்நாம் போனபோது தளபதிகளும் தூதரகத்தாரும் தமக்கு மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்றார்.

சொன்ன விஷயத்தில் பெரிய பொய் இல்லை. பார்க்கப் போன அரசியல்வாதிகளுக்கெல்லாம், போர் நன்றாகவே நடக்கிறது என்றுதான் அங்கே காட்டினார்கள். 'என்னிடம் உண்மையை மறைத்தார்கள்' என்றிருந்தால் பழி தளபதிகள் தலையில் விழுந்திருக்கும். மூளைச்சலவை என்றதும், ஏமாற்றியவர்களை விட்டுவிட்டு ஏமாந்தவரைப் பார்த்து ஊர் சிரித்தது. உடன் போன கவர்னர்களே, எங்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லையே என்றார்கள். டெட்ராய்ட் பத்திரிகை ஒன்று போட்டியிலிருந்து விலகச் சொன்னது. இவருக்கு முழுச் சலவை எதற்கு, லேசாக அலசினாலே போதுமே என்று ஜனநாயகக் கட்சி செனட்டர் யூஜின் மெக்கார்த்தி கேலி செய்ததாகச் சொல்வார்கள். தமிழில் அந்தக் கேலி இன்னும் நன்றாகவே வெளுக்கிறது!

1968 பிப்ரவரி 28இல், முதல் பிரைமரி நடக்கும் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு வாக்குகூட விழுமுன்பே ரோம்னி விலகிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அதே மாநிலத்தில், அதே போரை எதிர்த்து நின்ற மெக்கார்த்தி, பதவியிலிருந்த தன் கட்சி அதிபர் ஜான்சனுக்கு எதிராக 42 சதவீத வாக்கு வாங்கினார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.