கையெழுத்துப் போடும் முன் படிக்கச் சொல்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. மாடிப்படி ஏறக் கொஞ்ச நாள் விடாதே. இங்கே ஊட்டியில் இரண்டு வாரமாக விடாத மழை. பேக்கரியில் அடுப்பு ஓரமாகவே நிற்பதால் எனக்குக் குளிர் தெரியவில்லை. வீட்டில்தான் சின்னவனுக்குச் சளி. ஒன்றாம் வகுப்பில் சேர்த்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் நான்கு நாள் லீவு.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அக்கா மகள் பாப்பாவுக்கு அமெரிக்காவில் ஜே-1 விசாவில் ஹோட்டல் பயிற்சி கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். அனுப்பலாம்டா. ஆனால் வேலைக்குப் போகிறாள் என்று நினைத்து அனுப்பாதே. கற்றுக்கொள்ளப் போகிறாள். இந்த வித்தியாசம் அவளுக்கும் தெரிய வேண்டும், அக்காவுக்கும் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் 1961-இல் வந்த கல்வி, கலாசாரப் பரிமாற்றச் சட்டத்தில் இருந்து வருவது இந்த விசா. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பழகி, தொழில் கற்று, ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பட்டப்படிப்பும் அமெரிக்காவுக்கு வெளியே அதே துறையில் ஒரு வருஷ அனுபவமும் இருந்தால் டிரெய்னியாகப் போகலாம். பாப்பா சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டாள், அதனால் தகுதியில் பிரச்சினை இல்லை. ஆனால் ஏஜென்ட் 18 மாதம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது வேறு பல துறைகளுக்கு. ஹோட்டல், சுற்றுலாத் துறைக்கு 12 மாதம்தான். முதல் விஷயத்திலேயே தவறான தகவல் தருகிறவர் சொல்லும் மற்றதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்.

இன்னொன்று. ஏஜென்ட் வேறு, ஸ்பான்சர் வேறு. அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் அனுமதி வாங்கிய அமைப்புதான் ஸ்பான்சர். விசா கேட்கத் தேவையான டிஎஸ்-2019 என்ற தாளைத் தருவது அவர்கள். அங்கே போன பிறகு பாப்பாவுக்குப் பொறுப்பும் அவர்கள்தான். அவள் ஸ்பான்சர் யார், அவளுக்கென்று அங்கே யார் பேசுவார்கள், அவர்கள் போன் நம்பர் என்ன என்பதை விமானம் ஏறும் முன் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்.

அடுத்தது டிஎஸ்-7002. பயிற்சித் திட்டம். இதைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத வேண்டும். எத்தனை மாதம் எந்தப் பிரிவில், என்ன கற்றுக்கொள்வாள், யார் மேற்பார்வை, சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். டிரெய்னி, ஹோட்டல், ஸ்பான்சர் மூன்று பேரும் கையெழுத்துப் போடுவார்கள். ஹோட்டல் துறையில் ஒரு வருஷப் பயிற்சி என்றால் குறைந்தது மூன்று பிரிவுகளில் மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்பது விதி. திறமை எதுவும் தேவையில்லாத கூலி வேலைக்கு டிரெய்னியை வைக்கக் கூடாது. குமாஸ்தா வேலையும் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். 2012 அக்டோபரில் கொலராடோ மலையில் ஒரு பனிச்சறுக்கு ஊரில் போய் இறங்கியபோது எனக்கும் அந்தத் தாள் இருந்தது. ஏஜென்ட் ஆபீஸில் நின்றபடியே கையெழுத்துப் போட்டு, பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். என் திட்டம் நான்கு மாதம் ஹாட் கிச்சன், நான்கு மாதம் பேக்கரி, நான்கு மாதம் பேங்க்வெட், அதாவது விருந்துப் பிரிவு. ஆனால் சீசன் தொடங்கிவிட்டது, பாத்திரம் கழுவ ஆள் இல்லை. "இரண்டு வாரம் மட்டும் பார்த்துக்கொள்" என்றார்கள். அது மூன்று மாதம் ஆனது. காலையில் முட்டை ஸ்டேஷன், மதியத்தில் இருந்து டிஷ் மெஷின். கையுறைக்குள் வெந்நீர் இறங்கி விரல் இடுக்கெல்லாம் வெடித்து, இரவில் போர்வை உரசினாலே எரியும். உனக்குப் போன் பண்ணும்போது "நல்லா இருக்கேன்டா" என்று சொன்னேனே, அதெல்லாம் அந்த நாட்களில்தான். அப்பா நகையை அடகு வைத்து அனுப்பியிருந்தார். வாயைத் திறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

ரூமில் கூட இருந்த பிலிப்பைன்ஸ் பையன்தான் ஒரு நாள், "உன் பிளானைக் காட்டு" என்றான். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். ஜனவரியில் எனக்கு நேரே எழுதியிருந்தது ஹாட் கிச்சன்: சாஸ், சூப், கிரில். பாத்திரம் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. அன்றைக்கே ஸ்பான்சருக்கு ஒரு மெயில் எழுதினேன். புகாராக எழுதவில்லை. திட்டத்தில் இது இருக்கிறது, நான் செய்வது இது, தேதிகள் இவை, அவ்வளவுதான். இரண்டு நாளில் அவர்கள் ஹோட்டலுக்குப் போன் செய்தார்கள். எட்டாவது நாள் நான் பேக்கரியில் நின்றேன். யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை, முகம் சுளிக்கக்கூட இல்லை. மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. ஹாட் கிச்சனில் கற்க வேண்டியது எனக்குக் கடைசிவரை முழுதாகக் கிடைக்கவில்லை.

பேக்கரியில் ஒரு அம்மா இருந்தார், அறுபது வயசு இருக்கும். முதல் நாள், "உனக்குத் தெரிந்த மாதிரி ஒரு ரொட்டி போடு" என்றார். தரமணி கேட்டரிங் கல்லூரியில் படித்த அதே அளவில் மாவு பிசைந்தேன். பாதி நேரத்திலேயே புஸ்ஸென்று எழும்பி நின்றது, எனக்கு ஒரே சந்தோஷம். அடுப்புக்குள் போனதும் நடுவில் அமுங்கிவிட்டது. அவர் அதை அறுத்து, பெரிய பெரிய ஓட்டைகளை விரலால் காட்டினார். மலையில் காற்றழுத்தம் குறைவு, மாவுக்குள் இருக்கும் வாயு சீக்கிரம் விரியும், அதனால் ஈஸ்டைக் குறை என்றார். காற்று வறண்டு இருப்பதால் மாவும் காய்ந்திருக்கும், தண்ணீரைக் கொஞ்சம் கூட்டு. கேக் என்றால் பேக்கிங் பவுடரைக் குறை. தண்ணீரே அங்கே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும், அதனால் சர்க்கரைப் பாகின் பதத்தைத் தெர்மாமீட்டரில் படித்த பழைய எண்ணை வைத்துப் பார்க்காதே. கடிகாரத்தையும் பார்க்காதே, மாவைத் தொட்டுப் பார் என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இந்தக் கடையை எடுத்தபோது முதல் நாளிலிருந்தே என் ரொட்டி அமுங்காமல் வந்தது என்றால் அந்தக் கைதான் காரணம். பயிற்சி என்றால் அதுதான் முத்து. அது பாப்பாவுக்கும் கிடைக்க வேண்டும்.

பணக் கணக்கு. சீவிஸ் (வெளிநாட்டு மாணவர், பயிற்சியாளர் விவரப் பதிவு) கட்டணம் 220 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர். இவை அரசுக்குப் போவது. ஸ்பான்சருக்கு எவ்வளவு, ஏஜென்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கு. மொத்தமாக ஒரே தொகை சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. மருத்துவக் காப்பீடு கட்டாயம், ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் வரை இருக்க வேண்டும். வாடகையை ஹோட்டலே சம்பளத்தில் பிடிக்குமா என்றும் கேட்கச் சொல். பனிச்சறுக்கு ஊர்களில் என் சம்பளத்தில் பெரிய பங்கு வாடகைக்கே போனது. அப்புறம், சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் (அந்த ஊர் ஓய்வூதிய, முதியோர் மருத்துவ நிதிகள்) என்று 7.65 சதவீதம் பிடித்திருந்தால் உடனே கேட்க வேண்டும். முதல்முறை ஜே-1-இல் போகும் டிரெய்னிக்கு முதல் இரண்டு காலண்டர் வருஷத்துக்கு அந்தப் பிடித்தம் கிடையாது. வருமான வரி மட்டும் உண்டு.

திரும்பி வந்து இரண்டு வருஷம் இந்தியாவில் இருந்தாக வேண்டும் என்று யாரோ அக்காவைப் பயமுறுத்தியிருக்கிறார்கள் போல. அந்த விதி இருக்கிறதுதான். ஆனால் எந்தெந்த நாட்டின் எந்தத் தொழில்காரர்களுக்கு அது பொருந்தும் என்ற பட்டியலில் இருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கும் மருத்துவ மேற்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும்தான் இப்போது அது பொருந்தும். ஆனால் "போனால் அப்படியே வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொல்வதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்முகம் நடக்கும்போது உரிமைகள் பற்றி ஒரு சின்ன புத்தகம் தருவார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிடாமல் பாப்பாவைப் படிக்கச் சொல். பாஸ்போர்ட்டை எந்த முதலாளியும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, உதவிக்கு எந்த நம்பரைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

அவளிடம் இன்னும் கையெழுத்து வாங்கவில்லை என்றால் அந்த 7002 தாள்களை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொல். ஒவ்வொரு பிரிவுக்கும் மாதமும் மேற்பார்வையாளர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து, எதைக் கேட்க வேண்டும் என்று நானே அவளிடம் பேசுகிறேன். மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிட்டால் கை மாவில் இருக்காது.

மதுரை பஸ்ஸில் சனிக்கிழமை ஒரு பார்சல் வருகிறது. அம்மாவுக்கு வர்க்கி, உனக்கு அந்த ரொட்டி. வந்த அன்றே சாப்பிட்டுவிடு.

அன்புடன்,
குணா