பிளக்கில் விழுந்த கறுப்புக் கோடு

திருவட்டாறு,
ஐப்பசி

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத உட்காருவதும், மழை விட்டதே என்று தோட்டத்துக்கு இறங்குவதுமாக ஒரு வாரம் ஓடிவிட்டது. இங்கே ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலையில் வெயில் அடிக்கும். மூன்று மணிக்குப் பேச்சிப்பாறைப் பக்கம் கறுத்து, இடியோடு இறங்கிவிடும். ரப்பர் மரங்களுக்குப் பிளாஸ்டிக் மறைப்பு கட்டியிருப்பதால் பால்வெட்டு அடியோடு நிற்கவில்லை. அம்மா நலம். கண் பார்வைதான் கொஞ்சம் மங்கிவிட்டது. உன் பெயரைச் சொன்னால் இப்போதும் "சாப்பிட்டானா" என்றுதான் கேட்கிறாள்.

கார் நிற்கும்போது நடுங்குகிறது, அறுபதாயிரம் ரூபாய்க்கு இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார்கள், அதைவிடக் காரை விற்றுவிடப் போகிறேன் என்று நீ எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். 2022 ஜூலையில், 418 ஆண்டுகளுக்குப் பிறகு நம் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் குடமுழுக்கு நடந்தபோது, நீயும் தங்கச்சியும் கோயம்புத்தூரிலிருந்து அந்தக் காரில்தானே வந்து இறங்கினீர்கள்? திரும்பும்போது பின்சீட் நிறைய பலாப்பழமும் நேந்திரங்காயும் ஏற்றி அனுப்பினேன். அப்போது இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு அமைதியாக இருந்தது. மூன்று ஆண்டுகளில் அது கிழடாகிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. காரை வைத்துக்கொள்வதும் விற்பதும் உன் விருப்பம். ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் விற்காதே. அதைவிட முக்கியமாக, கோளாறு எங்கே என்று தெரியாமல் அறுபதாயிரம் ரூபாய்க்கு இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதே. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஆனி மாதம் நானும் அதே பாட்டைப் பட்டேன்.

ஒரு நாள் சாரல் காலையில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தேன். ஏற்றத்தில் மிதித்தால் கார் போகவில்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் தயங்கித் தயங்கி வெட்டியது. முன்பலகையில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எரிந்தது. வெயில் வந்த பிறகு கோளாறு தானாகவே மறைந்துவிட்டது. மறுநாள் மழையில் மறுபடி அதே வெட்டு. ஒர்க்ஷாப்பில் கொடுத்தேன். காரின் கம்ப்யூட்டரில் கருவியைச் செருகிப் பார்த்து, இரண்டாம் சிலிண்டரில் மிஸ், அதாவது அங்கே பெட்ரோல் சரியாகப் பற்றி எரியவில்லை என்று கண்டுபிடித்து, தீப்பொறி போடும் பிளக்குகள் நான்கையும் மாற்றினார்கள். ஒன்பது நாள் ஒழுங்காக ஓடியது. பத்தாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. அடுத்து பெட்ரோல் பம்ப் என்றார்கள். அதையும் மாற்றினேன். மொத்தம் பதினான்காயிரம் ரூபாய் போனது, வெட்டு போகவில்லை.

பிறகுதான் தக்கலையில் நம் பள்ளித் தோழனின் மைத்துனர் ஒருவர் சொல்லி, ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். வயது எழுபதை நெருங்கும். வண்டி போய் நின்றதும் பானட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் திறக்கவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்து, கால் மணி நேரம் கேள்வியாகக் கேட்டார். "இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடானபின் வருகிறதா? நிற்கும்போதா, ஓடும்போதா? சமதரையிலா, ஏற்றத்திலா? ஏ.சி. போட்டால் கூடுகிறதா? மழையன்று மட்டுமா? டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருந்தது? கடைசியாக யார் கைவைத்தார்கள், எதைக் கழற்றினார்கள்?" நாடி பார்க்கும் வைத்தியர் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டு, என் பதிலை முழுதாக வாங்கிக்கொண்டார். மழையிலும் ஏற்றத்திலும் மட்டும் என்று நான் சொன்னதும், "அப்படியானால் பெட்ரோலை விட்டுவிடுவோம் சார், தீப்பொறியைப் பார்ப்போம்" என்றார். பதினான்காயிரம் செலவழித்தும் கிடைக்காத விடையின் பாதி அந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், உனக்கு உதவும். இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களின் ஒயர் முனைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றியதும் இன்ஜின் தடுமாறியது. அதாவது அந்தச் சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. செத்துக் கிடப்பது அதுதான். பிறகு இரண்டாம் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை எடுத்து நான்காவதிலும், நான்காவதை இரண்டாவதிலும் மாட்டினார். கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்து கருவியைச் செருகினால், முன்பு பி 0302 என்று இருந்த குறியீடு இப்போது பி 0304 என்று மாறியிருந்தது. கடைசி எண் சிலிண்டரின் எண். நோய் காயிலோடு சேர்ந்து நான்காவதுக்குப் போய்விட்டது. எனவே குற்றவாளி காயில். குறியீடு இரண்டிலேயே நின்றிருந்தால் பிளக், இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் எழும் அழுத்தமான கம்ப்ரஷன் என்று வேறு பக்கம் தேடியிருப்போம். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்து அவர் காட்டியதுதான் என்னை உலுக்கிவிட்டது. இரண்டாம் சிலிண்டரில் அந்த ஒர்க்ஷாப்பில் மாட்டிய பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக, கூர்தீட்டிய பென்சிலால் இழுத்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. காயிலின் அடியில் பிளக்கை மூடியிருக்கும் ரப்பர் உறையை விரித்து டார்ச் அடித்தார். அதன் உள்பக்கத்திலும், பீங்கானில் இருந்த கோட்டுக்கு நேர் எதிரே, அதே அளவில் ஒரு கருகல் கோடு.

நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு அதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலே உண்டாக்குகிறது. பிளக்கின் முனையில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதுதான் அந்த மின்சாரத்தின் வேலை. ஏற்றத்தில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட அந்த இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில் வெளியே சுலபமான வழி ஒன்று கிடைத்தால் மின்சாரம் அதில் போய்விடும். ஈரம் அந்த வழியைத் திறந்துவிட்டது. ஒருமுறை பொறி போன தடத்தில் கரி படிந்தது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அதன் பிறகு அதுவே நிரந்தரப் பாதை ஆகிவிட்டது. புதிய பிளக்கைப் பழைய உறைக்குள் செருகியதால், உறையில் இருந்த தடம் ஒன்பது நாளில் புதிய பீங்கானிலும் ஏறிவிட்டது. பிளக்கையும் உறையையும் சேர்த்தே மாற்றியிருக்க வேண்டும்.

அத்தோடும் அண்ணாச்சி நிற்கவில்லை. "ஈரம் எங்கிருந்து வந்தது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றினார். உள்ளே ரப்பர் இலைச் சருகு இரண்டு கை நிறைய இருந்தது. மார்கழி, தை மாதங்களில் நம் தோட்டத்து மரங்கள் இலை உதிர்க்கும்போது நான் காரை அவற்றின் அடியில்தான் நிறுத்துகிறேன். சருகு போய் நீர் வடியும் துளைகளை அடைத்திருக்கிறது. ஆனிச் சாரலில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நிரம்பி, நேராகக் காயிலின் தலையில் சொட்டியிருக்கிறது. சருகை அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு காயிலும் ஒரு பிளக்கும் மாட்டினார். அதற்குப் பிறகு இத்தனை மழையிலும் ஒருமுறைகூட வெட்டவில்லை.

வீடு திரும்பும்போது உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். மார்த்தாண்டத்தில் அவருடைய டாக்ஸி மழைக்காலையில் கிளம்ப மறுத்தால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, வேட்டி முனையால் உள்ளே சுற்றித் துடைத்து, வாயால் ஊதி மாட்டுவாரே, நினைவிருக்கிறதா? நாம் இருவரும் பள்ளிப் பையோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். அவர் துடைத்ததும் இதே ஈரத்தைத்தான்.

இனி உன் காருக்கு வருகிறேன். உன் கார் பேசுவது வேறு. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது, வேகம் எடுத்தால் நடுக்கம் குறைகிறது, பிக்கப் மட்டும் முன்போல் இல்லை, மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது, பிழைக் குறியீடு பி 0171 என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குறியீட்டின் பொருள், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. கணக்கில் வராத காற்று எங்கோ வழியாக உள்ளே நுழைகிறது, அல்லது பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை. இரண்டில் எது என்று ஒரே சோதனையில் பிரித்துவிடலாம்.

செல்போனோடு இணையும் சிறு ஸ்கேனர் இப்போது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதில் ஃபியூயல் டிரிம் என்று ஒரு சதவீதம் காட்டும். கம்ப்யூட்டர் தானாகப் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்பதன் அளவு அது. கூட்டலிலோ கழித்தலிலோ பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இன்ஜின் நன்றாகச் சூடானபின், நின்றபடி ஓடும்போது ஒருமுறை பார். பிறகு இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் அரை நிமிடம் பிடித்து ஒருமுறை பார். நிற்கும்போது கூட்டல் இருபதுக்கு மேல் போய், சுற்று ஏறியதும் இயல்புக்கு இறங்கினால், காற்றுக் கசிவுதான். இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் ரப்பர் குழாய் வெடித்திருக்கும், அல்லது ஏதாவது சிறு குழாய் கழன்றிருக்கும். நின்று ஓடும்போது உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தான். அதில் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும். சுற்று ஏறினால் அது கரைந்துவிடும். மாறாக, மிதிக்க மிதிக்கக் கூட்டல் ஏறினால் பம்ப்பின் அழுத்தத்தையும் ஃபில்டரையும் காற்றை அளக்கும் சென்சாரையும் பார்க்க வேண்டும். நீ எழுதியதைப் பார்த்தால் எனக்கு முதலாவதுதான் என்று படுகிறது. கசிவைத் தேட, குழாய்க்குள் புகையைச் செலுத்தி அது எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கும் புகைச் சோதனையைச் செய்யச் சொல். சூடான இன்ஜின்மேல் எளிதில் தீப்பற்றும் திரவத்தை அடித்துப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு, தீப்பிடிக்கும், அனுமதிக்காதே.

இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், முதலில் கம்ப்ரஷன் அளந்து நான்கு எண்களையும் எழுதிக் கொடுக்கச் சொல். நான்கும் தாழாமல் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் பிரிக்க வேண்டிய காரணமே இல்லை. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அந்தச் சிலிண்டரின் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கட்டும். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

இன்னொன்று. அந்த மஞ்சள் விளக்கு இப்போது நிலையாக எரிவதால் உடனடிப் பயமில்லை. என்றைக்காவது மின்ன ஆரம்பித்தால் உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டிவிடு. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு போல இருக்கும் பகுதி உருகி அடைத்துவிடும். அடைத்தால் மூச்சு முட்டிய இன்ஜின் எவ்வளவு மிதித்தாலும் ஓடாது. பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் உள்ள பொருள் அது. விலையை நீயே யோசித்துக்கொள். மின்னும் விளக்கோடு நான் நான்கு நாள் நாகர்கோவில் போய்வந்தேன் என்று சொன்னதும் அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. நல்லவேளை, எனக்கு அது தப்பியது.

தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நல்லெண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் தரச் சொல்லி அம்மா சொன்னாள். மருமகன் வேலை மாறியதைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. அதையும் எழுது.

நின்றபடி ஒரு எண், 2,500 சுற்றில் ஒரு எண். இந்த இரண்டையும் குறித்து அனுப்பு. நான் அதை எடுத்துக்கொண்டு தக்கலைக்குப் போய் அண்ணாச்சியிடமே கேட்டு எழுதுகிறேன். அதுவரை காரை வாங்க வருகிறவரிடம் விலை பேசாதே. மார்கழித் தேருக்குச் சுசீந்திரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய் அல்லவா, அந்தக் காரிலேயே வா. வீட்டில் நிறுத்துவதற்கு மரம் இல்லாத இடமாக ஒன்றைச் சீர்செய்து வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்