மணியாச்சி தாண்டும்போது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். சிவாஜி வ.உ.சி.யாக நடித்த படத்தை ராத்திரி ஒரு மணி வரை முழித்திருந்து பார்த்தேன் என்றாய். தனியாகவா பார்த்தாய் என்று கேட்பதற்குள் போனை அம்மையிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாய்.

ஒருத்தரைப் பிடித்ததற்கு ஊரே ஏன் எரிந்தது என்று கேட்டாயே, பாளையங்கோட்டையில் வளர்ந்த பிள்ளை இதைக் கேட்கிறதே என்று மனசு சுருக்கென்றது. ஆனாலும் கேட்கத் தோன்றியதே, அதில் எனக்குச் சந்தோஷம். முன்னால் நடந்தது தெரியாமல் இந்தப் படத்தைப் பார்க்கக் கூடாதும்மா.

1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அதோடு விட்டாரா? 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில்காரர்கள் கூலி உயர்வும் வார லீவும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அவரும் சுப்பிரமணிய சிவாவும் தினமும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். முதலாளிகள் இறங்கி வந்தார்கள். அந்தக் கூலி கைக்கு வந்த சூடு ஆறுமுன்னே, மார்ச் 12-ந் தேதி அவரைப் பிடித்து உள்ளே போட்டால் ஜனம் சும்மா இருக்குமா? மறுநாள் திருநெல்வேலியில் ஒரு கடை திறக்கவில்லை. முனிசிபல் ஆபீஸ், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தீ. துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர் போயிற்று. வெள்ளைக்காரன் பக்கம் பேசிய வக்கீலைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு எழுந்து போனாராம் ஒருவர். தாத்தா எத்தனை தடவை சொல்லியிருப்பார், நீ காதில் வாங்கியிருந்தால்தானே.

மணியாச்சி ரயில் ஸ்டேஷனில் சுடுகிற காட்சியும் அப்படித்தான். ஆஷ் யாரென்று தெரியாவிட்டால் யாரோ யாரையோ சுட்ட மாதிரி இருக்கும். 1908-ல் தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்து கப்பல் கம்பெனியை நெருக்கினவர் அவர். 1911 ஜூன் 17-ல் வாஞ்சிநாதன் சுட்டபோது ஜில்லா கலெக்டர். வ.உ.சி. அப்போது ஜெயிலில். முதலில் விதித்தது நாற்பது வருஷம், அப்பீலில் ஆறாயிற்று. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை. வரவேற்கப் பெரிய கூட்டமும் இல்லை. எனக்குச் செக்கு இழுக்கிற காட்சியைவிட இதுதான் தாங்காது.

இத்தனை வருஷமும் அவர் சம்சாரம் மீனாட்சி அம்மாள் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சர்க்காருக்கு மனு மேல் மனுப் போட்டிருக்கிறாள். கஷ்டத்தை மூடி வைக்கவில்லை அந்தம்மா. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாள்.

மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து இன்னொரு தரம் பார். அவருக்கும் நம்ம ஊர் சங்கதி தெரியட்டும். பொங்கலுக்கும் அவர் வரவில்லை. வேலை இருந்திருக்கும். அம்மை பேசினால் முன்னெல்லாம் குறுக்கே அவர் குரலும் கேட்கும். சரி, அது கிடக்கட்டும். முன்னால் நடந்தது தெரிந்தால்தான் எதுவும் விளங்கும், அதைத்தான் சொல்ல வந்தேன். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ரொம்ப முழிக்காதே.

சித்திரையில் வா, ஓட்டப்பிடாரத்தில் அவர் வீட்டைக் காட்டுகிறேன். இரண்டு பேரும் வந்தால் நல்லது. நீ மட்டும் வருவதென்றாலும் வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் நான் போடுகிறேன். மணியாச்சி தாண்டும்போது ஒரு போன் போடு, ஜங்ஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அப்பா